ஒரிஜினலுடன் நேரில் வரவும்

குவைத்
12.10.1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

தேன்மொழி எழுதுவது. இங்கே உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை, முதுகுவலி மட்டும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. பலமனேரில் நீ, அண்ணி, குழந்தைகள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மா இன்னும் கங்காதர நெல்லூரை விட்டு நகர மாட்டேன் என்கிறதா? முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுது.

நான் ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்ட கிழவியம்மா போன மாதம் இறந்துவிட்டார்கள். சர்க்கரை வியாதி. இரண்டு வேளையும் இன்சுலின் போட்டதும் நான்தான், கால் புண்ணைக் கழுவிக் கட்டியதும் நான்தான். வீட்டுக்கு வந்து பார்க்கும் டாக்டரம்மா கடைசி நாளில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீ எந்த நர்சிங் காலேஜில் படித்தாய் என்று கேட்டார்கள். எந்தக் காலேஜிலும் இல்லை, வீட்டு வேலைக்காரி என்றேன். அவர்கள் நம்பவில்லை. அன்று முழுக்கப் பாத்திரம் தேய்க்கும்போது அழுதுகொண்டே இருந்தேன். கிழவிக்காக அழுகிறேன் என்று வீட்டுக்காரர்கள் நினைத்து ஆறுதல் சொன்னார்கள்.

அண்ணா, இனிமேல் எழுதப்போவதைச் சிரிக்காமல் படி. எனக்கு டாக்டருக்குப் படிக்க வேண்டும். இன்டரில் பயாலஜி குரூப், பைபிசி எடுத்து ஃபர்ஸ்ட் கிளாஸில் தேறியவள்தானே நான். அந்த வருஷமே நைனா போய்ச் சேர்ந்தது. என்ட்ரன்ஸ் எழுதவில்லை. பிறகு குவைத். பதிமூன்று வருஷம் போய்விட்டது.

பக்கத்து வீட்டில் வேலை செய்யும் கடப்பாக்காரி ரத்னம்மா ஊரிலிருந்து ஒரு பேப்பர் கொண்டுவந்தாள். எம்செட் என்ட்ரன்ஸ் எழுதக் குறைந்த வயது பதினேழு என்று போட்டிருக்கிறது. அதிக வயதுக்கு எல்லை ஒன்றும் போடவில்லை. நான்கு தடவை படித்துப் பார்த்துவிட்டேன். எனக்கு முப்பத்தொன்று. இருந்தால் இருக்கட்டும்.

குவைத் சண்டைக்குப் பிறகு 91இல் நான் திரும்பக் கிளம்பியபோது பிளாஸ்டிக் கவரில் போட்டு உன் கையில் கொடுத்தேனே, அந்தச் சர்டிபிகேட்டுகள்தான் இப்போது வேண்டும். டென்த், இன்டர், டி.சி., ஜாதி சர்டிபிகேட், நான்கும் இருக்கும். நீ எம்செட் ஃபாரம் வாங்கி, அவற்றின் ஜெராக்ஸையும் சேர்த்து வை. சித்தூர் சிட்டிபாபு ஜனவரியில் லீவுக்கு வருகிறான், பிப்ரவரியில் திரும்புகிறான். அவன் கையில் கொடுத்துவிட்டால் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன். இந்த ஒரு உதவி போதும். வேறு எதுவும் உன்னிடம் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன்.

அண்ணியை விசாரித்ததாகச் சொல். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே பேர் வந்து, அம்மா தன் பேரைத் தானே கூப்பிட முடியாமல் அண்ணிக்கு என் பேரை வைத்ததே, அதை ரத்னம்மாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். போன லீவில் அம்மா "தேனு" என்று கூப்பிட, நானும் அண்ணியும் ஒன்றாக "என்னா?" என்றோமே, ஞாபகம் இருக்கிறதா?

பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் தங்கை தேன்மொழி

*

பலமனேர்
20.11.1997

பாசமுள்ள தங்கச்சிக்கு,

உன் அண்ணன் கோபிகிருஷ்ணன் ஆசீர்வாதம். இங்கே பெருமாள் புண்ணியத்தில் எல்லோரும் சௌக்கியம். அம்மா முழங்கால் மழைக்கு வலிக்கும், வெயிலுக்குச் சரியாகும். பால் வண்டி ஓட்டம் நன்றாக இருக்கிறது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பழகிவிட்டது.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரிக்காதே என்று நீ எழுதியிருந்தாலும் கொஞ்சம் சிரித்துவிட்டோம், கோபித்துக்கொள்ளாதே. "இவ டாக்டராகி வெளிய வரும்போது இவளுக்கே ஒரு டாக்டர் வேணும்" என்று அம்மா சொல்லுச்சு. கேலியாகத்தான். மனசுக்குள் பெருமைதான். நைனா இருந்திருந்தால் ஊரெல்லாம் தண்டோரா போட்டிருக்கும்.

ஆனால் தங்கச்சி, பதினேழு வயசுப் பிள்ளைகள் ராப்பகலாகப் படிக்கிற பரீட்சை இது. ஆழம் பார்த்துக் காலை வை. நீ அங்கே மகாராணி மாதிரி இருக்கிறாய். உன்னால்தான் நமக்கு நாலு ஏக்கர் நிலம், நம் ஜாதிக்காரன் வரப்பு மேல் நிற்கிறான் என்று ஊர் பார்க்கிறது. அதையும் யோசி.

சர்டிபிகேட் எல்லாம் பத்திரமாக இருக்கிறது, கவலை வேண்டாம். ஃபாரம் வந்ததும் வாங்குகிறேன். உன் அண்ணியும் இப்போது பக்கத்தில் ஒரு சின்ன வேலைக்குப் போய்வருகிறாள். குழந்தைகள் அத்தை எப்போது வரும் என்று கேட்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் அலையாதே.

உன் நலம் நாடும் அண்ணன்
மு. கோபிகிருஷ்ணன்

*

குவைத்
16.2.1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று சிட்டிபாபு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீ எழுதி மூன்று மாதம் ஆகிறது.

சிட்டிபாபு வந்து சேர்ந்தான். மாங்காய் ஊறுகாய் வந்தது. முறுக்கு வந்தது. அம்மா கொடுத்த கருவாட்டுப் பொடி வந்தது. ஃபாரம் வரவில்லை. பையைக் கொட்டிக் கவிழ்த்துப் பார்த்தோம். "அண்ணன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துச்சுக்கா, ஃபாரம் பத்தி ஒண்ணும் பேசல. நானும் கேக்கல" என்கிறான். அவனைத் திட்டி என்ன பிரயோஜனம்?

கடைசித் தேதிக்கு இன்னும் நாள் இருக்கும் என்று ரத்னம்மா சொல்கிறாள். தபாலிலாவது அனுப்பு. நான் இங்கே சும்மா இல்லை. டாக்டரம்மா தன் மகளுடைய பழைய ஜுவாலஜி புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். சமையல்கட்டில் அரிசி டப்பாவின் மேல் விரித்துவைத்துப் படிக்கிறேன். தவளையின் இதயத்துக்கு மூன்று அறை என்பது மறக்கவில்லை அண்ணா. பதிமூன்று வருஷம் கழித்தும் மறக்கவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

உடனே பதில் போடு. ஒரு வரியானாலும் போதும்.

தங்கை தேன்மொழி

*

பலமனேர்
9.4.1998

தங்கச்சிக்கு,

உன் அண்ணன் எழுதிக்கொண்டது. அம்மாவுக்கு இடது கண்ணில் புரை, வேலூரில் காட்டிவிட்டு வந்தோம், இப்போது தேவலை. குழந்தைக்கு அம்மை போட்டு இறங்கியது. அதனால்தான் பதில் தாமதம். தவறாக நினைக்காதே.

ஃபாரம் விஷயம் உனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். எனக்கும் வருத்தம்தான். வாங்கத்தான் போனேன். முதல் தடவை ஸ்டாக் இல்லை என்றார்கள். இரண்டாம் தடவை சித்தூர் போவதற்குள் தேதி முடிந்துவிட்டது. நம் தலையில் எழுதியது அவ்வளவுதான். எல்லாம் நல்லதுக்கே.

அம்மா சொல்லச் சொன்னது: "இன்னும் ரெண்டு வருஷம் விசாவைப் புதுப்பிச்சுக்கினு அங்கியே இருக்கச் சொல்லு. இங்க வந்து என்னா பண்ணப்போறா?" எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. உன் இஷ்டம்.

அண்ணன்
கோபிகிருஷ்ணன்

*

குவைத்
3.5.1998

அண்ணாவுக்கு,

அம்மாவின் கண் சரியானதில் சந்தோஷம். குழந்தைக்குக் கொஞ்ச நாளைக்கு இளநீர் கொடுங்கள்.

என் கோபத்தை எழுதினால் நாலு பக்கம் போகும். எழுதவில்லை. விசா ஜூலையில் முடிகிறது, புதுப்பிக்க வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். திருப்பதியில் லாங் டெர்ம் கோச்சிங் இருக்கிறதாம், எம்செட்டுக்கென்றே ஒரு வருஷம் படிக்கலாமாம். பெண்கள் ஹாஸ்டலும் அங்கேயே உண்டு. இனிமேல் ஃபாரத்தை நானே போய் வாங்கிக்கொள்கிறேன். நீ சர்டிபிகேட்டை மட்டும் எடுத்து வை.

தேன்மொழி

*

திருப்பதி
14.9.1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். ஹாஸ்டல் சாம்பாரைத் தவிர வேறு எதிரி இல்லை. நீயும் அண்ணியும் குழந்தைகளும் நலம்தானே?

உன்னிடம் சொல்லிச் சிரிக்க நிறைய இருக்கிறது. முதல் நாள் கிளாஸுக்குள் நுழைந்ததும் லெக்சரர் எழுந்து நின்று, "அம்மா, பேரன்ட்ஸ் மீட்டிங் சனிவாரம்" என்றார். நான் போய் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். எழுபது பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். இப்போது எல்லோருக்கும் நான் ஆன்ட்டி. என் அறையில் இருப்பவள் ரேகா, நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவர் மகள், பதினெட்டு வயது. நான் அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிடுகிறேன், அவள் எனக்கு ஃபிசிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறாள். ஃபிசிக்ஸ்தான் என் உயிரை வாங்குகிறது. வாங்கட்டும், விட மாட்டேன்.

இப்போது ஒரு விஷயம். வந்ததும் ஊருக்குப் போய் அம்மாவுடன் பத்து நாள் இருந்தேன் அல்லவா? பீரோவிலும் தேடினேன், பெட்டியிலும் தேடினேன், சர்டிபிகேட் இல்லை. அம்மாவைக் கேட்டால், "எனக்கென்னா தெரியும், எல்லாம் உங்கண்ணன் எட்துக்கினு பூட்டான்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டது. சரி, நானே பலமனேருக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று போன் செய்தேன். நீ என்ன செய்தாய்? நீயே இறங்கிச் சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, ஜெராக்ஸை மட்டும் கையில் கொடுத்து, திருப்பதி பஸ்ஸில் ஏற்றிவிட்டாய். ஒரிஜினல் எங்கே என்று கேட்டதற்கு பஸ் கிளம்புது ஏறு என்றாய். அண்ணி ஏன் வரவில்லை என்றதற்கு வேலை என்றாய். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் உன் பலமனேர் வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. மனதில் ஒரு முள் மாதிரி இருக்கிறது.

ஒரிஜினலை எப்போது கொடுப்பாய்? எழுது.

தங்கை தேன்மொழி

*

பலமனேர்
27.12.1998

பாசமுள்ள தங்கச்சிக்கு,

ஆசீர்வாதம். மூன்று கடிதமும் வந்து சேர்ந்தன. குளிர் இந்த வருஷம் பலமனேரில் எலும்பைத் தின்கிறது. எல்லோரும் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

ஒரிஜினல் பற்றி எத்தனை தரம் கேட்பாய்? சொந்த அண்ணன் மேல் நம்பிக்கை இல்லையா? நிலத்துப் பட்டா வேலைக்காக நம் குடும்பத்துப் பேப்பர்களோடு சேர்த்து ஒரு ஆபீஸரிடம் கொடுத்திருக்கிறேன். பெரிய மனுஷர். நச்சரித்தால் காரியம் கெட்டுவிடும். இப்போதைக்கு அப்ளிகேஷனுக்கு ஜெராக்ஸ் போதும். நானே விசாரித்துவிட்டேன். அட்டெஸ்டேஷனும் வாங்கி இதோடு வைத்திருக்கிறேன்.

நீ பரீட்சையைப் பார். முதலில் ரேங்க் வரட்டும். வந்தால் மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். அண்ணன் எதற்கு இருக்கிறேன்?

தக்காளி ஒரு கூடை பஸ்ஸில் போட்டு அனுப்பியிருக்கிறேன். கண்டக்டர் நமக்குத் தெரிந்தவர். ஹாஸ்டல் பிள்ளைகளுக்கும் கொடு.

அண்ணன்
மு. கோபிகிருஷ்ணன்

*

திருப்பதி
24.6.1999

அன்பு அண்ணாவுக்கு, அண்ணிக்கு, குழந்தைகளுக்கு,

எல்லோரும் நலமாக இருங்கள், நூறு வருஷம் இருங்கள். இன்றைக்கு எனக்கு யாரைப் பார்த்தாலும் வாழ்த்த வேண்டும் போல இருக்கிறது.

ரேங்க் வந்துவிட்டது அண்ணா. இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினாலு. நம் கேட்டகிரியில், நம் ஏரியாவில் சீட் நிச்சயம், திருப்பதியிலேயே கிடைத்தாலும் கிடைக்கும் என்று கோச்சிங் சென்டரில் சொல்லிவிட்டார்கள். அந்த லெக்சரர், பேரன்ட்ஸ் மீட்டிங்குக்குக் கூப்பிட்டாரே அவர்தான், எழுந்து வந்து கைகொடுத்தார். ரேகாவுக்கு ரேங்க் சரியாக வரவில்லை. அப்படியும் அவள்தான் என்னைக் கட்டிப்பிடித்துக் கத்தினாள். நான் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நைனாவிடம் சொன்னேன். பைத்தியம் என்று நினைக்காதே.

ஜூலை 22ஆம் தேதி விஜயவாடாவில் கவுன்சிலிங். காலை ஒன்பது மணி. கார்டில் கறுப்பு எழுத்தில் அடிக்கோடு போட்டிருக்கிறது: எல்லாச் சர்டிபிகேட்டும் ஒரிஜினலுடன் நேரில் வரவும். ஜெராக்ஸ் செல்லாது. பிறந்த தேதிக்கு டென்த் சர்டிபிகேட் கட்டாயம். ஒன்று குறைந்தாலும் சீட் அடுத்தவருக்குப் போய்விடும்.

ரேங்க் வரட்டும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதினாய். வந்துவிட்டது. இனி உன் கையில்தான் இருக்கிறது. அம்மாவுக்குச் சொல்லிவிடு. கங்காதர நெல்லூர் முழுக்கச் சொல்லச் சொல்.

உன் தங்கை
தேன்மொழி

*

பலமனேர்
6.7.1999

அக்காவுக்கு,

செல்லியம்மா எழுதுகிறேன். எந்தச் செல்லியம்மா என்று யோசிப்பீர்கள். உங்கள் அண்ணி. நீங்கள் நல்லா இருக்கணும் என்று தினமும் விளக்கேற்றும்போது கும்பிடுகிறேன். நான் ஏழாவது வரைக்கும்தான் படித்தேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதோடு உங்கள் இன்டர் சர்டிபிகேட், டி.சி., ஜாதி சர்டிபிகேட் மூன்றையும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். எங்கள் வீட்டுப் பீரோவில்தான் இருந்தன. எந்த ஆபீஸரிடமும் இல்லை. உங்கள் அண்ணன் பால் வண்டிக்குப் போன நேரத்தில் எடுத்தேன். டென்த் மட்டும் இங்கே இல்லை. அது எங்கே இருக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் அங்கன்வாடி டீச்சராக இருக்கிறேன் அக்கா. ஐந்து வருஷம் ஆகிறது. நீங்கள்தான் டீச்சர். ரிஜிஸ்டரில் உங்கள் பேர். தினமும் காலையில் தேன்மொழி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் பிள்ளைகளுக்கு உப்புமா கிண்டுகிறேன்.

அத்தை என்னை உங்கள் பேரால் கூப்பிட்டது பாசத்தில்தான். அதில் சூது கிடையாது, நான் சத்தியம் பண்ணுவேன். பலமனேரில் வாடகைக்கு வந்த இடத்திலும் அதே பேர் பழகிவிட்டது. அப்போதுதான் இந்த வேலை வந்தது, டென்த் பாஸ் பண்ணின பொம்பளை வேண்டும் என்றார்கள். உங்கள் அண்ணன் வீட்டுக்கு வந்து, "ஊரே உன்ன தேன்மொழின்னுதான் கூப்புட்துக்கினு கீது. சர்டிபிகேட்லயும் அதே பேரு கீது. சாமியே குட்த்த மாதிரி" என்றார். உங்கள் நைனா பேர் முனிசாமி என்று அதில் இருக்கிறதே என்றேன். "உன் நைனா பேரும் முனிசாமின்னு சொல்லு, ஊர்ல பாதிப் பேரு முனிசாமிதான்" என்றார். ஊரிலிருந்து வந்திருந்த அத்தையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. "அவ அங்க குவைத்துல கீறா, அவளுக்கு இந்தக் காயிதம் எதுக்கு?" என்றது. நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேலைக்குப் போக எனக்கும் ஆசையாக இருந்தது.

டென்த் ஒரிஜினலை சேர்ந்த அன்றே ஆபீஸில் வாங்கிக்கொண்டார்கள். மனு எழுதிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுப்பார்கள். பக்கத்து அங்கன்வாடி டீச்சர் ஒருத்தி அப்படி வாங்கியிருக்கிறாள். இவர் மனு போட விட மாட்டேன் என்கிறார். உங்களுக்குச் சீட் வந்தால் ஒரே சர்டிபிகேட் நம்பர் ரெண்டு இடத்தில் பதிவாகும், மாட்டிக்கொள்வோம் என்கிறார். அன்றைக்கு ஃபாரமும் அவர் வாங்கப் போகவே இல்லை அக்கா. நீங்கள் பாஸ் பண்ண மாட்டீர்கள் என்றுதான் இத்தனை நாள் தைரியமாக இருந்தார்.

மன்னிப்பு கேட்க எனக்கு வாய் இல்லை. உங்களுக்கு எது சரியோ அதைச் செய்யுங்கள். இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது.

செல்லியம்மா

*

பலமனேர்
9.7.1999

என் டாக்டர் தங்கச்சிக்கு,

அண்ணன் ஆசீர்வாதம். உன் ரேங்க் சேதி கேட்டு வீடே திருவிழாவாக இருக்கிறது. உன் அண்ணி பாயசம் வைத்தாள். அம்மா பொங்கல் வைத்தது. உன் உடம்பு எப்படி? இனி நீ சொல்லித்தான் எங்களுக்கெல்லாம் மருந்து.

சர்டிபிகேட் வைத்திருக்கிற ஆபீஸர் லீவில் போயிருக்கிறார், 19ஆம் தேதி வருகிறார். நான் வாங்கிக்கொண்டு, நேராக ரயில் ஏறி, 22 காலை எட்டு மணிக்கு விஜயவாடாவில் கவுன்சிலிங் நடக்கும் இடத்து வாசலில் நிற்பேன். நீ இதற்காகப் பலமனேருக்கு அலையாதே. வீண் செலவு, வீண் அலைச்சல். படித்த களைப்புக்கு ஓய்வெடு.

அம்மா மேல் சத்தியமாக வருகிறேன். இதைவிட என்ன சொல்ல?

உன் அண்ணன்
மு. கோபிகிருஷ்ணன்

*

திருப்பதி
10.8.1999

திரு. மு. கோபிகிருஷ்ணன் அவர்களுக்கு,

அண்ணி எனக்கு எழுதிய கடிதம் உன் கடிதத்துக்கு முந்தின நாளே வந்துவிட்டது. ஆமாம், அவர்கள் எழுதினார்கள். ஐந்து வருஷத்துக் கதையும் எனக்குத் தெரியும். மூன்று சர்டிபிகேட்டும் என் கைக்கு வந்துவிட்டன. நீ பீரோவைத் திறந்து பார்க்கவே இல்லை போலிருக்கிறது.

இரண்டு கடிதத்தையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பலமனேர் ஆபீஸுக்குப் போய் என் டென்த் சர்டிபிகேட்டை நானே கேட்டு வாங்குவது என்று துணிமணி எடுத்து வைத்தேன். அன்றைக்குத்தான் அம்மா வந்தது. முழங்கால் வலியோடு இரண்டு பஸ் மாறி, தனியாக. நீதான் அனுப்பினாய் என்று பிறகு ஒப்புக்கொண்டது. பலமனேர் அங்கன்வாடி ஆபீஸுக்குக் கிளம்புகிறேன் என்றேன்.

"அந்த ஆபீஸுக்குப் போவாத தேனு. அவன ஜெயில்ல போட்ருவாங்க. அவன் மனு போட்டு வாங்கிக்கினு நேரா விஜயவாடாவுக்கே வந்துர்றான். நான் சொல்றேன்ல" என்றது. அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று அப்போதுதான் என் காதால் கேட்டேன். என் பேரை எடுத்தபோது ஏம்மா சும்மா இருந்தே என்றேன். "அவனுக்கு ரெண்டு புள்ளைங்க கீது. உனக்கு என்னா, புள்ளையா குட்டியா?" என்றது. பெற்றவள் வாயிலிருந்து அது வந்தது. ஹாஸ்டல் வாசலில் நின்றுகொண்டு சொன்னது. ரேகா உள்ளே போய்விட்டாள், என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்.

அப்படியும் நான் பலமனேர் பஸ் ஏறவில்லை. உண்மை எந்தக் கடிதத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் உன்னை நம்பினேன். பொய் சொன்னவன்தான், ஆனாலும் அம்மா மேல் சத்தியம் செய்துவிட்டு வராமல் இருக்க மாட்டான் என்று நினைத்தேன். மனு போட்டு ஒரு வாரத்தில் வாங்கக்கூடிய ஒரு காகிதம்தானே. உன்னைக் காட்டிக்கொடுக்காமல் நானும் டாக்டராகிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

22ஆம் தேதி காலை ஏழு மணிக்கே வாசலில் நின்றேன். எல்லாப் பிள்ளைகளும் அப்பா அம்மாவோடு வந்திருந்தார்கள். ஆட்டோ ஒவ்வொன்றாக வந்து நிற்கும், நான் எட்டிப் பார்ப்பேன். எட்டு மணி ஆனது. ஒன்பதும் ஆனது. பதினோரு மணிக்கு என் நம்பர் வந்தது. மேஜையில் இருந்த ஆபீஸரம்மா மூன்று சர்டிபிகேட்டையும் பார்த்துவிட்டு, டென்த் எங்கே என்றார்கள். அண்ணன் கொண்டுவருகிறார், ரயில் தாமதம் என்றேன். நல்லவர்கள். ஐந்து மணிவரை சீட்டை நிறுத்தி வைக்கிறேன், வாசலில் போய்ப் பாருங்கள் என்றார்கள். திருப்பதி காலேஜிலேயே சீட் இருந்தது. என் கண்ணால் போர்டில் பார்த்தேன்.

ஐந்து மணிவரை அந்த வெயிலில் நின்றேன். தண்ணீர் குடிக்கக்கூட நகரவில்லை, நீ வந்து என்னைக் காணாமல் போய்விடப் போகிறாயே என்று. ஒவ்வொரு அரை மணிக்கும் உனக்காக ஒரு காரணம் யோசித்தேன். ரயில் நின்றுவிட்டது. உனக்குக் காய்ச்சல். ஆபீஸர் கையெழுத்துப் போடவில்லை. ஐந்தடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது யோசிக்கக் காரணம் தீர்ந்துபோனது. ஐந்தேகாலுக்கு அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள். ஆதோனியிலிருந்து வந்த பெண், பதினெட்டு வயது. என் சீட்டை வாங்கிக்கொண்டு அவள் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

நீ அன்றைக்குப் பால் வண்டிக்குப் போயிருந்தாயாம். வழக்கம்போல நாலு மணிக்கு எழுந்து போனாயாம். மனு போடவே இல்லையாம். அண்ணிதான் எழுதினார்கள். எனக்கு எதிரி யாரும் இருந்ததில்லை. குவைத்தில் ஊரான் வீட்டில் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தேன், ஒரு குண்டூசி என்னிடமிருந்து காணாமல் போனதில்லை. கூடப் பிறந்தவன் வீட்டில் பேரையே தொலைத்தேன். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்று பத்து நாள் சாப்பிடாமல் கிடந்தேன். பிறகு யாரிடம் சொல்வது என்று தெரிந்தது.

பலமனேர் அங்கன்வாடி ஆபீஸுக்கு மனு எழுதினேன். என் பாஸ்போர்ட், பள்ளிக்கூட அங்க அடையாளம், குவைத் விசா, எல்லாவற்றின் நகலும் வைத்தேன். தேன்மொழி என்பது நான், என் சர்டிபிகேட்டை என்னிடம் தர வேண்டும், அதை அங்கே கொடுத்தது என் அண்ணன் கோபிகிருஷ்ணன் என்று எழுதினேன். அனுப்புவதற்கு முன் அண்ணிக்கு எழுதிக் கேட்டேன். வேலை போகும், விசாரணை வரும், அனுப்பட்டுமா என்று. ஒரு கார்டு வந்தது. "போடுங்க அக்கா. நானே அவங்க கிட்ட என் பேரைச் சொல்றேன்" என்று இரண்டே வரி. அதை உன் வீட்டிலிருந்துதான் எழுதினார்கள். உனக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் மறுபடி எம்செட் எழுதுகிறேன். ஃபீஸ் கட்டிவிட்டேன். மறுபடி அதே ரேங்க் வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இந்த வருஷம் வந்தது. நீதான் அதை எடுத்துக்கொண்டாய்.

மனுவைச் சனிக்கிழமையே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதத்தை எழுதிவைத்து, மூன்று நாள் தள்ளி இன்றைக்குத்தான் பெட்டியில் போடுகிறேன். நீ இதைப் படிக்கும்போது ஆபீஸ்காரர்கள் விசாரணைக்கு உன் வீட்டுக்கு வந்துவிட்டுப் போயிருப்பார்கள்.

ஹாஸ்டல் மாறிவிட்டேன். புது விலாசம் அண்ணியிடம் இருக்கிறது. நீ கேட்டால் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

மு. தேன்மொழி